தலையாரி முதல் காவல் நண்பர் வரை

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென விழாக்குழுவினர் பணித்தனர். மன்னர்களின் வரலாற்றை வகுப்பறையில் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறோம். அதனையே இங்கும் எழுத மனம் ஒப்பவில்லை. அண்மையில் நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து, முடிவு காணாமல் நின்றுபோன வினா ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

நம் குடியிருப்புகளைச் சேர்ந்த படித்த இளைஞர் பதின்மரை இரவு ரோந்துக்கும், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்வதற்கும் தன்னார்வத் தொண்டர்களாக அனுப்பிவைக்குமாறு ஒரு காவல் நிலையத்திலிருந்து கேட்டிருந்தனர். இளைஞருள் பலர் மகிழ்ந்தனர். "நம்மையும் மதித்து அழைக்கிறார்கள் அல்லவா!" என்றனர். அப்போது எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பிகளா, அந்தக் கோலை ஒருதரம் தூக்கிப் போட்டுட்டு வந்தோம். மறுபடியும் எடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் அமைதி நிலவியது. முதியோருக்கு அவர் சொன்னது விளங்கிற்று. இளைஞருக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு விளக்குவதற்காகவே இதனை எழுதுகிறோம்.

பாடிகாவல்

ஊர்க்காவல் என்பது காக்கிச் சட்டையோடு பிறந்ததன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி குறிக்கப்படுகிறது. பாடி என்பது ஊர். ஊரைக் காப்பதற்கென ஊரார் செலுத்திய கட்டணமே பாடிகாவல். வாழப்பாடி என்னும் நம் ஊர்ப்பெயரிலும் அந்தப் 'பாடி' இருக்கிறது. பிற்காலத்தில் பாளையக்காரர்கள் காவல் உரிமையைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கெனக் கட்டணமும் பெற்றனர். களவு போன பொருளைக் காவலுக்குரியவர் மீட்டுத் தருதல் வேண்டும். மீட்க இயலாவிடின் அதற்கு ஈடு தருதல் வேண்டும். இதுவே அந்நாளைய முறை.

இக்காவல் அமைப்பின் மேல்நிலையில் யார் இருந்தாலும், இருளில் நடந்தவர் தலையாரியும் வெட்டியும் தோட்டியுமே. இடத்துக்கு இடம் சாதி வேறுபட்டாலும், பல ஊர்களில் இப்பணியைச் செய்தோர் நம் முன்னோரே ஆவர். இவர்களுக்குரிய ஊதியம் சிறு மானிய நிலமும், அறுவடைக் காலத்தில் களத்தில் அளக்கப்படும் தானியமும் ஆகும். அவ்வாறு அளக்கப்பட்ட தானியத்துக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். விடுதலை என்று இன்று நாம் பொருள் கொள்ளும் அச்சொல், அன்று களத்து மேட்டில் கைகட்டி நின்று பெறும் படியைக் குறித்தது என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எம் பாட்டனார் வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தலையாரியாக இருந்தவர். இரவில் கோலூன்றி ஊரைச் சுற்றி வருவார். தண்டோராப் போடுவார். வரிப்பணம் வட்டக் கருவூலத்துக்குச் செல்லும்போது துணை நடப்பார். கிணற்றில் பிணம் மிதந்தால், காவலர் வந்து சேரும்வரை இரவெல்லாம் பிணத்துக்குக் காவலிருப்பார். ஊர்ச் சாவடிக்கு நாள்தோறும் அவர் செல்வார். ஆனால் சாவடித் திண்ணையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. திண்ணைக்குக் கீழே நின்றே பேசுவார். திருட்டு நடந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. திருடன் அகப்பட்டால் பெயர் மணியக்காரருக்கு. ஊருக்கு அவர் காவல். ஆனால் அவருக்கும் அவர்தம் தெருவுக்கும் காவல் யார் என்று கேட்பாரில்லை. கோல் அவர் கையில் இருந்தது. சொல் அவர் கையில் இல்லை.

தொழுமரம்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, சேலம், பாராமகால் பகுதிகளைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். இப்பகுதியை ஆளக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அனுப்பப்பட்டார். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. சேலம் நாட்டில் வரி நிருவாகம் பயின்ற அந்த மன்றோவே பின்னாளில் சென்னை மாகாணத்தின் நீதி, காவல் அமைப்புகளைச் சீர்திருத்தும் ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். 1820 முதல் 1827 வரை மாகாண ஆளுநராகவும் விளங்கினார். அவ்வாணையத்தின் பயனாக 1816ஆம் ஆண்டு வந்த பதினோராம் ஒழுங்குமுறைச் சட்டம், கிராமத் தலைவரையும் தலையாரியையும் அரசின் காவல் அமைப்புக்குள் முறைப்படி கொண்டுவந்தது. நாட்டு வழக்கத்தைப் பேணும் நற்செயல் என அது போற்றப்பட்டது.

ஆனால் அச்சட்டத்தில் இருந்த ஓர் ஏற்பாட்டை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற சிறு குற்றங்களுக்குக் கிராமத் தலைவர் தாமே தண்டனை வழங்கலாம். பொதுவாக அத்தண்டனை, சாவடியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்து வைப்பதாகும். குற்றவாளி தாழ்ந்த சாதியினராயின், ஆறு மணி நேரத்துக்கு மிகாமல் தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். இரு துளைகள் கொண்ட கட்டையில் காலை நுழைத்துப் பூட்டி, ஊரார் காண வெயிலில் கிடத்துவதே தொழுமரத் தண்டனை. இத்தகைய இழிவான தண்டனை யாருக்குத் தகும் என்பதைச் சாதியைக் கொண்டே சட்டம் பிரித்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குத் திண்ணை, மற்றொருவருக்குத் தொழுமரம்! தொழுமரத்தில் மாட்டுமாறு ஆணையிட்டவர் கிராமத் தலைவர். மாட்டும்படி ஏவப்பட்டவர் பெரும்பாலும் தலையாரி. மாட்டப்பட்டவர் அவருடைய உறவினராகவும் இருந்திருப்பார். காவலில் மக்கள் பங்கு என்று வரலாற்று நூல்கள் புகழும் பழைய முறையின் மறுபக்கம் இதுவாகும்.

சித்திரவதை ஆணையமும் புதிய காவல்துறையும்

வரி தண்டுவதும் குற்றம் விசாரிப்பதும் ஒரே கையில் இருந்தமையால் கொடுமை மிகுந்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இதுபற்றிக் கேள்வி எழவே, சென்னையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாணையம் 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி முதலிய வதைகள் மாகாணமெங்கும் வழக்கத்தில் இருந்தன என்பதை அவ்வறிக்கை உலகறியச் செய்தது. அதன் விளைவாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் பிறந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட, சீருடை அணிந்த, சம்பளம் பெறும் காவல்துறை சென்னை மாகாணத்தில் அவ்வாறுதான் தோன்றிற்று. இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம் 1861இல் வந்தது.

சீருடை வந்தது, ஐயப்பார்வை மாறவில்லை. பிறப்பினாலேயே சிலரைக் குற்றவாளிகள் எனக் கருதும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடஇந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. விரல்ரேகைப் பதிவும், இரவு நேரத்தில் காவல் நிலையத்தில் வருகை தரும் கட்டாயமும் பல சமூகத்தினர்மீது சுமத்தப்பட்டன. நம் சேலம் மாவட்டத்துக் குறவர் மக்களும் அவ்விழிவுக்குத் தப்பவில்லை. சீர்மரபினர் பட்டியலில் 'சேலம்' என்ற ஊர்ப்பெயரோடு அவர்தம் பிரிவுகள் இன்றும் காணப்படுகின்றன. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31 அன்றும் அச்சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கிய அன்றே மனம் நீங்கிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

அண்ணல் எதிர்த்த ஊழியம்

மராட்டிய நாட்டில் மகர் மக்கள் செய்துவந்த ஊர் ஊழியம் நம் தலையாரி, வெட்டி ஊழியத்தைப் போன்றதே. ஊர்க் காவல், தூது, அரசு அலுவலருக்குக் குற்றேவல் அனைத்தும் அவர்கள் கடமை. ஊதியம் வத்தன் எனப்படும் சிறு நிலமும், ஊரார் தரும் தானியமும். வேலைக்கு நேரமில்லை. அழைத்தபோது செல்லுதல் வேண்டும். அவர் இல்லையெனில் வீட்டிலுள்ள பிறரேனும் செல்லுதல் வேண்டும்.

இதனை உரிமை என்று பலர் பெருமையாகக் கருதியிருந்த காலத்தில், இது அடிமைத்தளை என்று எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். பம்பாய் சட்ட மேலவையில் 1928ஆம் ஆண்டு, பரம்பரை ஊழியச் சட்டத்தைத் திருத்த அவர் மசோதா கொணர்ந்தார். ஊழியத்துக்கு அரசு முறையான சம்பளம் தருதல் வேண்டும், விரும்பாதோர் விலகிக்கொள்ள வழி வேண்டும் என்று வாதாடினார். உடனே வெற்றி கிட்டவில்லை. அண்ணல் மறைந்த பின்னர் 1958இல் பம்பாய் மாநிலம் இத்தகைய கீழ்நிலை வத்தன்களை ஒழித்தது.

தமிழகத்தில் காலங்காலமாகச் சில குடும்பங்களிடமே தங்கியிருந்த மணியம், கணக்கு முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். அப்போது யாம் பள்ளிச் சிறுவர். செய்தி வந்த மாலை பாட்டனார் தம் கோலைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நெடுநேரம் வாசலில் அமர்ந்திருந்தார். எம் தந்தையார், "இனி இவன் புத்தகம் எடுக்கட்டும்" என்றார். அன்று பெரியவர் சொன்ன 'தூக்கிப் போட்ட கோல்' இதுவே.

மலைக்கு அப்பால் நடந்தது

விடுதலை பெற்ற நாட்டிலும் காவல் அனைவருக்கும் ஒன்றாகக் கிடைத்ததா? வாழப்பாடிக்கு வடக்கே மலைகளைத் தாண்டினால் அரூர் வட்டம். அங்குள்ள வாச்சாத்தி என்னும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூரில், 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறிக்கொண்டு வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் தாக்கப்பட்டனர். பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். உயர்நீதிமன்ற ஆணையினால் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் 54 பேர் அதற்குள் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதி செய்தது.

முதல் தீர்ப்புக்கே பத்தொன்பது ஆண்டுகள்! ஆயினும் அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. எழுத்தறியாத பெண்கள் நீதிமன்றத்தில் நின்று சாட்சி கூறினர். பழங்குடி மக்கள் சங்கமும் பொதுவாழ்வில் உள்ளோரும் துணை நின்றனர். அரசுப் பணியாளராயினும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்பதை அம்மலைச்சிற்றூர் மெய்ப்பித்தது. காவல்துறையோடு கைகோப்பதா வேண்டாவா என்று ஆராயும்போது, இந்நிகழ்ச்சியை மறந்துவிட்டு ஆராய்தல் கூடாது.

கைகோத்த முயற்சிகள்

காவலரும் மக்களும் இணைந்து நற்பயன் கண்ட இடங்களும் உண்டு. வரலாறு எழுதுவோர் இரண்டையும் கூறுதல் முறை.

1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' எனப்படும் காவல் நண்பர்கள் இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களுள் நற்பெயர் உடையோரைக் காவல் பணிக்குத் துணையாகச் சேர்ப்பது, அதனால் காவல் நிலையத்தின் மீதுள்ள அச்சத்தைப் போக்குவது என்பன அதன் நோக்கங்கள். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. இரவு ரோந்து, போக்குவரத்து, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றில் இளைஞர் பலர் பணியாற்றினர்.

நகரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுத் திருச்சிராப்பள்ளி. 1999இல் அங்கு மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஜே. கே. திரிபாதி, நகரை ஐம்பதுக்கு மேற்பட்ட சுற்றுப்பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு காவலரைப் பொறுப்பாக்கினார். அக்காவலர் அடிக்கடி மாற்றப்படாமல் அதே தெருக்களில் பணிபுரிந்தமையால், மக்கள் அவர்களைப் பெயர் சொல்லி அறிந்தனர். காவல் நிலையப் படியேற அஞ்சுவோருக்கெனப் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளைக் காவல்துறையே தத்தெடுத்து, குடிநீர், கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்குப் பிற துறைகளிடம் எடுத்துச் சொல்லியது. குடிசைப் பகுதி என்றாலே குற்றவாளிகள் இருப்பிடம் என்ற பழைய எண்ணத்துக்கு இது நேர்மாறானதன்றோ? திரிபாதி பின்னாளில் 2019 முதல் 2021 வரை தமிழகக் காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்தார்.

மராட்டிய மாநிலத்தில் பிவண்டி என்பது விசைத்தறி நகரம். நம் சேலத்தைப் போன்று நெசவால் வாழும் ஊர். 1984இல் அங்கு இந்து, முசுலிம் கலவரம் கொடுமையாக நிகழ்ந்தது. 1988இல் அங்கு வந்த காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே, தெருதோறும் இரு சமயத்தாரையும் கொண்ட மொகல்லாக் குழுக்களை அமைத்தார். பெரிய மனிதர்களை மட்டும் அழைக்காமல் தறிகாரரையும் தெரு வணிகரையும் குழுவில் அமர்த்தினார். 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் பம்பாய் நகரம் பற்றி எரிந்தபோது, அருகிலிருந்த பிவண்டி அமைதி காத்தது.

கடல்கடந்த நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. இலண்டன் மாநகரின் உட்பகுதியான பிரிக்ஸ்டனில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1981 ஏப்பிரலில் அங்குக் காவலர் சில நாள்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தனர். சோதனைக்கு ஆளானோருள் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். அதன் தொடர்ச்சியாகப் பெருங்கலவரம் மூண்டது. விசாரித்த ஸ்கார்மன் பிரபு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தார். மக்களின் ஒப்புதலின்றிக் காவல் நடைபெறாது என்பதே அதன் சாரம். 1984இல் வந்த சட்டம், காவல் பற்றி அப்பகுதி மக்களின் கருத்தைக் கேட்டறிய ஏற்பாடு செய்தல் வேண்டுமென விதித்தது. கருத்துக் கேட்பது அதிகாரியின் பெருந்தன்மையைப் பொறுத்ததாக இல்லாமல், சட்டக் கடமையாக ஆனது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

சாத்தான்குளம் கற்பித்தது

காவல் நண்பர்கள் இயக்கம் பின்னர் என்னவாயிற்று? 2020 சூன் 19 அன்று சாத்தான்குளத்தில் காவலர் பிடித்துச் சென்ற வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் சூன் 22, 23 ஆகிய நாள்களில் உயிரிழந்தனர். நாடே அதிர்ந்தது. காவல் நிலையத்தில் நடந்த கொடுமையில் காவல் நண்பர் சிலருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கத்தின் தரப்பில் அது மறுக்கப்பட்டது. எவ்வாறாயினும் சூலையில் தமிழக அரசு அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது.

நன்னோக்கத்துடன் தொடங்கிய இயக்கம் ஏன் இந்நிலைக்கு ஆளாயிற்று? எம் சிற்றறிவுக்கு எட்டியது இதுவே. தொண்டரைத் தேர்ந்தெடுத்தது காவல் நிலையம். அவருக்கு வேலை ஏவியதும் காவல் நிலையம். அவரைக் கேள்வி கேட்கக் கூடியதும் காவல் நிலையமே. மக்களிடமிருந்து வந்தவராயினும், மக்களுக்கு மறுமொழி சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை. எனவே அவர் மக்களின் பிரதிநிதியாக இல்லாமல் சீருடையற்ற ஏவலராக ஆகிவிட நேர்ந்தது. பழைய தலையாரிக்கும் அவருக்கும் வேற்றுமை சிறிதே.

சட்டம் தந்துள்ள இருக்கை

காவலோடு சமமாக அமர்ந்து பேசுவதற்குச் சட்டமே நமக்கு ஓர் இருக்கை தந்திருக்கிறது என்பதை நம்மவருள் பலர் அறியார். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், அதன்கீழ் வந்த 1995ஆம் ஆண்டு விதிகளும் அதற்கு வழி செய்கின்றன. மாவட்ட ஆட்சித் தலைவரின் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கப்படுதல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூடுதல் வேண்டும். காவல் கண்காணிப்பாளர் அமரும் அதே மேசையில், பட்டியல் இனத்தையும் பழங்குடியினத்தையும் சேர்ந்த அலுவலர் அல்லாத உறுப்பினர் ஐவர் வரை இடம்பெறலாம். கோட்ட அளவிலும் இத்தகைய குழு உண்டு. இச்சட்டத்தின்கீழ் வரும் வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி புலனாய்தல் வேண்டும். வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பொதுச் சட்டத்திலும் பாதுகாப்பு இல்லாமலில்லை. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யப்பட்டவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும். கைது பற்றி உறவினருக்குத் தெரிவித்தல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் தந்தவருக்கு இலவசமாகக் கொடுத்தல் வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்டோரையும், அறுபது வயதைக் கடந்தோரையும் சாட்சி விசாரணைக்காக அவர்தம் இருப்பிடத்தை விட்டு வேறிடம் வருமாறு கட்டாயப்படுத்துதல் கூடாது. பதினெட்டு வயது நிறையாத சிறாரைக் காவல் நிலையப் பூட்டறையில் அடைத்தல் கூடாது என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

இக்கடைசிச் சட்டத்தை எழுதும்போது எம் கை சற்றுத் தயங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு எம் மாணவன் ஒருவனை, மிதிவண்டித் திருட்டுக்காக என்று மாலையில் அழைத்துச் சென்றனர். அவனுக்கு அப்போது பதினேழு வயது. ஊரும் நிலையமும் இங்கு வேண்டா. இரவு முழுதும் அமர்த்தி வைத்துக் காலையில் அனுப்பினர். மறுநாள் அவனுக்குச் செய்முறைத் தேர்வு. அவன் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது தேர்வு முடியும் நேரம். வண்டியை எடுத்தவர் வேறொருவர் என்று பின்னர்த் தெரிந்தது. அவன் அங்கிருந்ததற்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. ஆகவே முறையிட்டபோது காட்டுவதற்கு எம்மிடம் ஒன்றுமில்லை. பட்டதாரி ஆசிரியராகிய எமக்கே அன்று அச்சட்டத்தின் பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றிரவே அவ்வாயிலில் நின்றிருப்போம். அந்நாணத்திலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது என்று ஒப்புக்கொள்கிறோம்.

இளைஞருக்கு

ஆகவே, அன்பார்ந்த இளைஞர்களே, கூட்டத்தில் எழுந்த வினாவுக்கு எம் விடை இதுவாகும். பெரியவரின் எச்சரிக்கை உண்மை. உங்கள் ஆர்வமும் நன்று. ஒதுங்கி நின்றால் நம்மைப் பற்றி நாமில்லாத இடத்தில் முடிவு செய்வர். ஓடிச்சென்று சேர்ந்தால் பழைய கோலே கைக்கு வரும். நிபந்தனையோடு சேர்தலே தக்க வழி.

முதலாவது, செல்வோரைச் சங்கமும் தெருக்கூட்டமும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவருள் பெண்களும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, செய்யவேண்டிய பணி எழுத்தில் இருத்தல் வேண்டும். கைது, சோதனை, விசாரணை ஆகியவற்றின் அருகில்கூட நம் இளைஞர் நிற்றல் கூடாது. மூன்றாவது, இப்பணி எல்லாச் சாதித் தெருவினருக்கும் பொதுவாதல் வேண்டும். பிறர் தெருவுக்கு நாம் காவல், நம் தெருவுக்கு யாருமில்லை என்ற பழைய முறை வேண்டா. நான்காவது, மாதம் ஒருமுறை காவல் நிலைய அதிகாரியும் மக்களும் அமர்ந்து பேசுதல் வேண்டும். அக்கூட்டத்தில் எல்லோருக்கும் நாற்காலி இருத்தல் வேண்டும். நம் முறையீடுகள் ஏட்டில் பதிவாதல் வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவற்றுக்கு மறுமொழி வருதல் வேண்டும். ஐந்தாவது, படிக்கும் பிள்ளைகளைத் தேர்வுக் காலத்தில் எந்தப் பணிக்கும் அழைத்தல் கூடாது.

இவற்றை ஏற்கும் நல்ல அதிகாரிகள் இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளியும் பிவண்டியும் அதற்குச் சான்று. ஆனால் நல்ல அதிகாரி மாற்றலாகிச் செல்வார். அவர் சென்ற பின்னும் நிலைத்திருப்பது எழுத்தும் சட்டமுமே. அவற்றைப் படிக்கவும் பயன்படுத்தவும் வல்லவரை ஆக்குவதற்காகத்தான் கல்விச் சங்கம் கண்டோம். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் வாரம் ஒருநாள் சட்ட அறிவுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும் என்று இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஆசிரியராக வந்து அமர யாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

எம் பாட்டனார் திண்ணைக்குக் கீழே நின்றார். எம் தந்தையார் எம்மைப் பள்ளிக்கு அனுப்பினார். உங்களுள் ஒருவர் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் உறுப்பினராக அமர்தல் வேண்டும். மற்றொருவர் காக்கிச் சீருடை அணிந்த அதிகாரியாகவே எதிரில் அமர்தல் வேண்டும். பொன்விழா மலரில் இதே பொருள்பற்றி எழுதுவோர், அவ்வாறு நடந்தது என்று எழுதும் நாள் வருக.